ஒன்பதாம் கிரகம் ஒச்சாண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் நல்வழி இலாகாவுக்கு வானத்தைப் பற்றிக் கவலை பிறந்தது. அதுவரை அதன் கவலையெல்லாம் மனிதர்களைப் பற்றியதாகவே இருந்தது.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது ஓடைக்கரைப்பட்டி. அங்கே ஆணாகப் பிறந்து மீசை அரும்பிய எவனும் அந்த இலாகாவின் பதிவுக்காரன். திருடினான் என்பதற்காக அல்ல, திருடக்கூடும் என்பதற்காக. பத்து விரல் ரேகையையும் கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் சாவடியில் போய்ப் படுத்து, விடிந்த பிறகு வீட்டுக்கு வரவேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக் கொடுக்கும் தனி அதிகாரி வெளியூரில் இருந்தார். அவரைப் போய்ப் பார்ப்பதற்கு ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும். அதற்கு ஒரு சீட்டு வேண்டும். இந்த ஏற்பாட்டில் குறை இருப்பதாக இலாகா ஒருபோதும் கருதியதில்லை.

ஒச்சாண்டிக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. கால்வாய்த் தண்ணீர் பாயும் குத்தகை வயலும் சாவடியும் அவனுக்குப் போதுமாக இருந்தன. கேட்டதற்கு உள்ளதைச் சொல்வான். அதனால் மற்றவர்களைவிட அதிகமாகச் சந்தேகிக்கப்பட்டான். வாழ்க்கையில் முதன்முதலாக அவனுக்கு ஒரு சீட்டுத் தேவைப்பட்டது அந்த மாசி மாதத்துக் காலையில்தான்.

கூடலூரிலிருந்து மொச்சை விற்க வரும் பஞ்சம்மாள் கூடையை இறக்காமலே சொன்னாள்:

"ஒந் தங்கச்சிக்கு நேத்துச் சாயங்காலமே வலி கண்டுருச்சுப்பா. இடுப்புலயே நிக்குது, எறங்க மாட்டேங்குது. எங்கண்ணன் வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே கெடக்கா."

தங்கை சுருளியம்மாளின் புருஷன் ஏலமலைக்குக் கூலிக்குப் போயிருந்தான். அவளுடைய முதல் பிள்ளை தொட்டிலுக்கு வரும் முன்பே போய்விட்டது. அதற்கு அவள் வைத்தியரையும் நொந்துகொள்ளவில்லை, தெய்வத்தையும் நொந்துகொள்ளவில்லை. சேனை வைத்த கையைத்தான் நொந்துகொண்டாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீர்தான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணமும் ஆயுசும் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முதல் பிள்ளைக்கு வைத்தவர் புருஷன் வழியில் ஒரு பெரியவர். வைத்த கையோடு அவரும் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்.

"இந்தத் தடவ அண்ணன் வந்து வைக்கிற வரைக்கும் புள்ள வாயில ஒருத்தரும் ஒண்ணும் வைக்கப்படாதுன்னுட்டா," என்றாள் பஞ்சம்மாள். "பால்கூடத் தரமாட்டாளாம். பிடிச்ச பிடிதான் அவளுக்கு, தெரியும்ல."

ஒச்சாண்டிக்குத் தெரியும்.

அதிர்ஷ்டவசமாகத் தனி அதிகாரியே அன்று ஊருக்கு வந்துவிட்டார். ஒரு மாட்டுவண்டியில் நாற்காலியும், துணியில் ஒட்டிய பெரிய படமும், நிலம் அளக்கும் சங்கிலியும் வந்தன. பின்னால் குமாஸ்தாவும் போலீஸ்காரர் அழகரும் நடந்து வந்தார்கள். பதிவுக்காரர்கள் எல்லாரும் களத்துமேட்டில் பதிவெண் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள்.

அதிகாரி பேசினார்:

"உங்களுக்கு வானம் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. நன்றாகவே தெரியும். எந்த நட்சத்திரம் உச்சிக்கு வந்தால் எந்த ஊர் அயர்ந்து தூங்கும் என்பது உங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது ஒழுங்கற்ற வானம். உண்மையான வானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை உண்டு. அதை விட்டு யாரும் விலகுவதில்லை. அதைக் கண்ணால் கண்டால் நீங்கள் திருந்துவீர்கள் என்று இலாகா முடிவு செய்திருக்கிறது. இன்று நீங்களே கிரகங்களாக இருந்து சுற்றப் போகிறீர்கள்."

சுற்றச் சொன்னால் சுற்றவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லை. செக்கு இல்லாமல் சுற்றச் சொல்வதுதான் புதிதாக இருந்தது.

"நடுவில் இருப்பது சூரியன். அது பெரும் நெருப்பு. பதின்மூன்று லட்சம் பூமிகளை உள்ளே போட்டாலும் இடம் இருக்கும். எல்லாருக்கும் வெளிச்சம் அது கொடுப்பது. அது இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை, யாரையும் தேடிப் போவதில்லை. ஆகவே சூரியனாக இருக்கவேண்டியவர் யார் என்பதில் சிரமம் இல்லை." இவ்வாறு சொல்லி அதிகாரி களத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு கிரகங்கள் நியமிக்கப்பட்டன. சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். உருவத்தில் சிறியது, எல்லாவற்றையும்விட வேகமாக ஓடுவது, வெயிலில் காய்வது. அந்த இடம் குமாஸ்தாவுக்கு. அவருக்கு அது புதிதல்ல. அடுத்தது வெள்ளி. பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் எந்நேரமும் மேகத்தைப் போர்த்திக்கொண்டு முகம் காட்டாமல் இருப்பதால் சந்தேகத்துக்கு உரியது என்றார் அதிகாரி. துண்டால் முக்காடு போட்டு ஒருவன் நிறுத்தப்பட்டான். மூன்றாவது பூமி. அதற்கு முத்துவீரன். பூமி சூரியனைச் சுற்றுவதோடு தன்னையும் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டதும் அவன் முகம் மாறியது. காலையில் கூழ் குடித்திருந்தான்.

நான்காவது செவ்வாய். "சிவந்த நிறம். அங்கே வாய்க்கால்கள் வெட்டியிருப்பதாகச் சில துரைமார் சொல்கிறார்கள்."

"அங்கன யாரு சாமி மடை தெறக்கிறது?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். அவனே செவ்வாய் ஆனான்.

ஐந்தாவது வியாழன், கிரகங்களில் எல்லாம் பருத்தது. ஓடைக்கரைப்பட்டியில் பருத்த ஆள் கிடையாது. மலைக்காய்ச்சலில் வயிறு வீங்கிப்போன முத்துக்கருப்பன்தான் இருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி, "இதோ, பொருத்தம்" என்றார் அதிகாரி. ஆறாவது சனி. அதைச் சுற்றி வளையம் உண்டு. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை ஒன்றைக் கருத்தக்கண்ணன் கழுத்தில் மாட்டினார்கள்.

"ஏற்கெனவே ஏழரை நடக்குது சாமி," என்றான் கருத்தக்கண்ணன். "நானே சனியா நின்னா எம் பொண்டாட்டி சோறு போடமாட்டா."

"வானத்தில் சனி யாரையும் பிடிப்பதில்லை. அதெல்லாம் மூடநம்பிக்கை. பிடிக்கும் அதிகாரம் சூரியனுக்கு மட்டுமே உண்டு," என்றார் அதிகாரி.

ஏழாவது யுரேனஸ், எட்டாவது நெப்டியூன். பெயர் புரியாததால் அவற்றுக்கு ஆட்சேபம் எழவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒச்சாண்டி எழுந்து நின்றான்.

"சாமி, கூடலூருல எந் தங்கச்சிக்கு வலி. ஒரு சீட்டுக் குடுத்தா..."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் ஒன்பது," என்றார்.

ஒன்பதாவது கிரகத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிட்டது. "இது சென்ற வருஷம்தான் அகப்பட்டது. புளூட்டோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ கோடி வருஷங்களாக, பதிவு இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், இருட்டில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்துக் கிரகங்களின் நடையில் ஒரு தடுமாற்றத்தைக் கண்டு, எவனோ ஒருவன் அங்கே இருக்கிறான் என்று சந்தேகித்து, தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துப் படம் மேல் படமாக எடுத்துப் பிடித்தார்கள். நம் இலாகாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது."

"அது என்ன தப்புப் பண்ணுச்சு சாமி?" என்றான் கருத்தக்கண்ணன்.

"ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் முன்பே அகப்பட்டிருக்கும். அதுதான் அதில் ஆபத்தான விஷயம்."

ஒச்சாண்டி மறுபடியும் வாயெடுத்தான். "சாமி, சீட்டு..."

"சுற்று முடியட்டும். நடுவில் மனுக் கொடுக்கிற கிரகத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒரு சுற்று முடிந்ததும் தருகிறேன்."

ஒரு சுற்று. அவ்வளவுதானே என்று ஒச்சாண்டிக்குத் தோன்றியது. எல்லாரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் சுற்றுவதுபோல நாற்காலியை வலமாகச் சுற்றக் கிளம்பினார்கள்.

"நில்லுங்கள்," என்றார் அதிகாரி. படத்தில் அம்புக்குறி எதிர்ப்பக்கம் போயிருந்தது. "கிரகங்கள் இடமாகச் சுற்றுகின்றன."

ஒருவன் கால்கூட எழவில்லை. கருத்தக்கண்ணன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அது வேணாம் சாமி. இடமாச் சுத்துறது ஒரே ஒரு எடத்துலதான். சுடுகாட்டுல, கொள்ளிச் சட்டியத் தூக்கிக்கிட்டு. படுத்திருக்கிற ஆளத்தான் அப்படிச் சுத்துறது. நீங்க உக்காந்திருக்கீக."

"உசிரோடயும் இருக்கீக," என்றான் செவ்வாய்.

"யாரைச் சுற்ற மறுக்கிறீர்கள் என்று தெரிகிறதா?"

"அதத்தான் சாமி சொல்றோம். நீங்க நல்லா இருக்கணும்."

குமாஸ்தா மெல்ல இருமினார். இந்தப் படம் வடக்கே மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தது என்றும், தெற்கே கீழிருந்து பார்த்தால் அதே கிரகங்கள் வலமாகச் சுற்றுவதாகத் தெரியும் என்றும், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. அதனால்தான் அதிகாரிக்குக் கோபம் வந்தது.

"சர்க்கார் எப்போதாவது கீழிருந்து பார்த்திருக்கிறதா?" என்று கேட்டார். குமாஸ்தா யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். "ஒரே ஊரில் இத்தனை பேர் ஒரே அபிப்பிராயத்தோடு இருக்கிறார்கள். இதற்குக் கூட்டுச் சதி என்று பெயர். சுற்று முடிகிற வரையில் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. யாருக்கும் சீட்டு இல்லை."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி கூடலூர்ப் பக்கம் பார்த்தான். மலை தெரிந்தது, ஊர் தெரியவில்லை. அங்கே ஓர் உயிர் வெளியே வர வழி தேடிக்கொண்டிருக்கும். இங்கே அவன் சுடுகாட்டு நடை நடக்க வேண்டும். நடந்தால் அந்த உயிருக்கு ஆகாது. நடக்காவிட்டால் அது வாய் நனையாமல் கிடக்கும். இரண்டில் எது குறைந்த பாவம் என்று சொல்லக்கூடியவர் அங்கே யாரும் இல்லை. நாற்காலியில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் எதிர்ப்பக்கமாகத் திரும்பி ஓர் அடி வைத்தான்.

"ஏலே, கூறு கெட்டவனே," என்று கருத்தக்கண்ணன் பல்லைக் கடித்தான். "அவ அங்கன வலியில துடிச்சுக்கிட்டுக் கெடக்கா. நீ இங்கன கொள்ளிச் சட்டி தூக்குனவன் மாதிரி நடக்கிற."

"நின்னா மட்டும் விட்ருவாகளா," என்றான் ஒச்சாண்டி.

அவன் நடந்துவிட்டதால் மற்றவர்களும் நடந்தார்கள். சிலர் நாற்காலியைத் தாண்டும்போது அதிகாரியை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதை அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த சங்கடம் சங்கிலியில் வந்தது. பூமி இருக்கிற தூரத்தைப்போல நாற்பது மடங்கு தூரத்தில் ஒன்பதாவது கிரகம் போகவேண்டும் என்று குமாஸ்தா கணக்குப் பார்த்துச் சொன்னார். அப்படியானால் அதன் பாதை களத்தைத் தாண்டி, புஞ்சையைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, கூடலூர்ச் சாலையில் போய் விழுகிறது. அது ஊர் எல்லைக்கு வெளியே. எல்லை தாண்டச் சீட்டு வேண்டும். சீட்டோ சுற்று முடிந்த பிறகுதான். அதிகாரி நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு தெளிந்தார்.

"சூரியன் ஒவ்வொரு கிரகத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விசையால் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால்தான் அவை ஓடிப்போவதில்லை. பக்கத்தில் இருப்பதன்மேல் இழுப்பு அதிகம். தூரம் கூடக் கூட இழுப்புக் குறையும், ஆனால் அடியோடு போய்விடாது. அழகர், நீர்தான் ஈர்ப்பு விசை. இவன் கூடவே போம்."

அழகர் சல்யூட் அடித்தார். அவருக்கு இரண்டு காலிலும் ஆணி இருந்தது.

புஞ்சை வரப்பில் ஒச்சாண்டி முன்னால் போக, ஈர்ப்பு விசை நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது.

"மெதுவாப் போலே. இந்தக் கெரகத்துக்கு ஒரு சுத்துச் சுத்த எம்புட்டு நாளாகுமாம்?"

"எரநூத்து நாப்பத்தெட்டு வருசம்னு குமாஸ்தா சொன்னாக."

"நல்லா இருக்கு. நான் ரிட்டேராக இன்னும் நாலு வருசந்தான்."

கால்வாயில் பெரியாற்றுத் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி திரும்பாமலே கேட்டான்:

"ஏட்டய்யா, இடமாச் சுத்துனது அந்தப் புள்ளைக்கு ஆகாமப் போயிருமா?"

அழகர் ஏட்டு அல்ல. ஆனால் ஊரில் யாரும் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

"யாரச் சுத்துன? ஆபீசரத்தான. ஆகாமப் போனா அவருக்கு ஆகாமப் போகட்டும். ஒந் தங்கச்சிய என்னத்துக்கு அதுல இழுக்கிற," என்றார் அழகர்.

கூடலூர்ச் சாலைக்கு வந்ததும் சிறுபாலத்துக் கட்டையில் அவர் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றி, பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏலே ஒச்சாண்டி, நான் இழுக்கிறவன். இம்புட்டுத் தூரத்துல இழுப்பு ரொம்பக் கொறவுன்னு சூரியனே சொல்லிட்டாக. நீயும் கேட்டேல்ல?"

ஒச்சாண்டிக்கு விளங்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போலே. போயிட்டுப் பொழுது விழுகிறதுக்குள்ள இங்கன வந்து நில்லு. நீ வரலேன்னா நான் களத்துக்குப் போகமுடியாது. எனக்கும் நாலு புள்ள இருக்கு."

ஒச்சாண்டி ஓடினான்.

தங்கையின் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கண்டு அவன் தெருவிலேயே நின்றுவிட்டான். களத்தில் வைத்த ஒவ்வோர் அடியும் நெஞ்சில் வந்து மிதித்தது. அவர்களில் ஒருத்தி அவனைக் கண்டு, "வந்துட்டான், வந்துட்டான்" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அதற்குப் பதிலாக உள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது. மெலிந்த, கோபமான அழுகை.

ஆண் பிள்ளை. வெயில் ஏறும் முன்பே பிறந்திருந்தது. இத்தனை நேரம் சுருளியம்மாள் அதை யாரிடமும் தரவில்லை. பெண்கள் ஏசிப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்றாள் அவள். குரலே எழவில்லை.

"வந்துட்டேன்ல."

அவன் கை கழுவி, சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தோய்த்தான்.

"ஒன்ன மாதிரி வரணும்னு சொல்லி வையிண்ணே."

அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தான். பிள்ளை அந்த விரலை விடாமல் சப்பியது. தங்கை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பொழுது சாயிற வரைக்கும் இருண்ணே."

"இருக்க முடியாது, ஆத்தா. நான் சுத்துல இருக்கேன்."

அவளுக்கு அது புரியவில்லை. அவனும் விளக்கவில்லை. சாலையில் ஒரு மனிதன் பூட்ஸைக் கழற்றிய காலோடு தனக்காக உட்கார்ந்திருப்பது மட்டும் அவன் கண்ணில் நின்றது.

அவனும் அழகரும் களத்துக்குத் திரும்பியபோது பொழுது மலைமேல் இருந்தது. சூரியன் குடை பிடிக்க முடியாது என்பதால் அதிகாரியின் முகம் கன்றிப்போயிருந்தது. பூமி வாந்தி எடுத்துவிட்டு வைக்கோலில் படுத்திருந்தது. வியாழனுக்குக் குளிர்காய்ச்சல் வந்து மூன்று பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புதன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் அதிகாரி.

"கூடலூர் போயிட்டு வந்தேன் சாமி," என்றான் ஒச்சாண்டி.

அழகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சீட்டு இல்லாமலா?"

"ஆமா சாமி. தங்கச்சி புள்ளைக்குச் சேனை வச்சுட்டு வந்தேன்."

"காவல் கூட வந்ததா?"

"ஏட்டய்யா கால் வலிக்குதுன்னு பாலத்துல உக்காந்துட்டாக. பாவம்."

"ஓடிப்போயிருக்கலாமே. ஏன் திரும்பி வந்தாய்?"

ஒச்சாண்டி அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள முயன்றான். "ஏட்டய்யா உக்காந்திருந்தாகல்ல," என்றான்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கன்றிய முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை யாரும் பார்த்ததில்லை.

"கேட்டீர்களா? சீட்டு இல்லை, காவல் இல்லை, ஆனாலும் கடைசிக் கிரகம் தன் பாதைக்குத் தானாகவே திரும்பியிருக்கிறது. இந்தப் பதிவுச் சட்டத்தை மனிதர்கள் போட்டார்கள் என்று பட்டணத்தில் சிலர் பேசுகிறார்கள். இது இயற்கை. கல்லுக்கும் நெருப்புக்கும் உள்ள சட்டம். இவர்கள் இதை விரும்புகிறார்கள். இதை ஒருபோதும் எடுக்கக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதப் போகிறேன். அழகருக்கு ஒரு நற்சான்று. இவனுக்கு, சொன்னது சொன்னபடி, கூடலூருக்குச் சீட்டு."

குமாஸ்தா மூச்சு வாங்கிக்கொண்டு சீட்டை எழுதி நீட்டினார். நாளை காலை முதல் நாளை மாலை வரை. ஒச்சாண்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"இரு," என்றார் அதிகாரி. "அங்கே பிறந்திருப்பது ஆணா, பெண்ணா? ஆண் என்றால் இப்போதே குறித்து வைத்துவிடலாம். கோடி வருஷம் தேடி அலைவது வானத்தில் நடந்த பிழை. நம் இலாகாவில் அது நடக்கக் கூடாது."

குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். கருத்தக்கண்ணன் கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் ஒச்சாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டதற்கு உள்ளதைச் சொல்கிறவன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"பொம்பளப் புள்ள, சாமி," என்றான் ஒச்சாண்டி.

அவன் பிறந்ததிலிருந்து சொன்ன முதல் பொய் அது. அவன் சொன்ன எந்த உண்மையையும் இலாகா அவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.